எரு போட்டும் உப்பு போகவில்லையா? ராமநாதபுரம் கடலோர மானாவாரி நிலத்துக்கு அறிகுறி பார்த்து வழி சொல்லும் குறிப்பு

தை பிறந்து மழை ஈரம் வற்றத் தொடங்கியதும் என்னைத் தேடி ஆள் வருவது வழக்கமாகிவிட்டது. திருப்புல்லாணிப் பக்கம், சாயல்குடிப் பக்கம், உச்சிப்புளி, தேவிபட்டினம் என்று பல ஊர்களில் இருந்து வருகிறார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான். "எரு அடித்தேன், தக்கைப்பூண்டு மடக்கி உழுதேன், உயிர் உரமும் போட்டேன். உப்பு அப்படியே இருக்கிறதே, அண்ணே?"

தக்கைப்பூண்டு என்பது வளர்த்து மண்ணோடு மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடி. உயிர் உரம் என்பது பயிருக்கு உதவும் நுண்ணுயிர்கள். என் மூன்று ஏக்கரில் நானும் இதே கேள்வியோடு பல ஆண்டு போராடியிருக்கிறேன். பிறகு அக்கம்பக்கத்து நிலங்களில் இறங்கிப் பார்த்ததில், பத்தில் எட்டு நிலங்களில் ஒரே தவறுதான் நடக்கிறது. எரு உப்பைத் தின்னும் என்று நம்பிவிடுகிறார்கள். எரு உப்பைத் தின்னாது. உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே கொண்டு போவது மழைத்தண்ணீர். அந்தத் தண்ணீர் இறங்குவதற்கு மண்ணைத் திறந்துவிடுவதும், இறங்கிய உப்பு வெயிலில் திரும்ப மேலே ஏறாமல் தடுப்பதும்தான் எருவின் வேலை. நமக்கு ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

எதற்கும் முன்னால்: பாட்டில் சோதனை

உவர் வேறு, களர் வேறு. வைத்தியமும் வேறு. இது தெரியாமல் ஒரு மூட்டை எருகூட வாங்காதீர்கள்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் கைப்பிடி உலர்ந்த மண்ணைப் போட்டு, அதைப்போல ஐந்து மடங்கு மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் கூடாது. அதில் உள்ள உப்பே மண்ணைப் படிய வைத்து உங்களை ஏமாற்றிவிடும். மழைத்தண்ணீர் இல்லாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். நன்றாகக் குலுக்கி, ஆடாமல் ஓர் இரவு வைத்துவிடுங்கள்.

காலையில் மண் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் களராக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த இடத்தில் உப்பு இருந்தால் அது உவர், மண்ணின் கட்டமைப்பு இன்னும் கெடவில்லை. தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கலாகவே நின்றால், பாட்டிலுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாமல் இருந்தால், களராக இருக்கவே வாய்ப்பு அதிகம். சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணைக் கூழாக்கிவிட்டது. உவர் என்றால் முதல் அறிகுறியில் இருந்து படியுங்கள். களர் என்றால் நேரே மூன்றாவதுக்குப் போங்கள்.

நிலத்தில் ஓர் இடத்து மண் போதாது. நல்ல இடம், கெட்ட இடம், இரண்டுக்கும் நடுவில் என்று மூன்று பாட்டில் வையுங்கள். என் நிலத்தில் வடக்கு வரப்போரம் தெளிந்தும், தெற்குப் பள்ளம் கலங்கியும் இருந்தன. இரண்டுக்கும் ஒரே உரத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அறிகுறி 1: மாசி, பங்குனியில் நிலம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது

வாலிநோக்கத்தில் உப்பளத்தில் உப்பு விளைவிக்கும் அதே வெயில்தான் நம் வயலிலும் விளைவிக்கிறது. ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிவிடுகிறது.

*நிலம் வெறுமையாகக் கிடக்கிறதா?* இதுதான் எளிய காரணம், செலவில்லாத வைத்தியமும் இதற்குத்தான். அறுவடை முடிந்ததும், ஈரம் முழுவதும் காய்வதற்குள், ஓர் உழவு போடுங்கள். மேல்மண் புழுதியானால் அடி ஈரம் மேலேறும் பாதை அறுந்துவிடும். அதன்மேல் வைக்கோல், மிளகாய்த் தட்டை, பனையோலை, வேப்பங்குழை என்று கையில் கிடைப்பதைப் பரப்புங்கள். வைக்கோலை விற்ற காசு கண்ணுக்குத் தெரியும், மேலேறிய உப்பு அடுத்த புரட்டாசி வரை தெரியாது. அதனால்தான் இந்த வேலையைப் பலர் தள்ளிப் போடுகிறார்கள்.

*பொருக்கு விரல் கனத்துக்கு இருக்கிறதா?* உழுது உள்ளே தள்ளாதீர்கள். மண்வெட்டியால் மேலாகச் சுரண்டி நிலத்துக்கு வெளியே கொண்டு போங்கள். வரப்பில் குவித்து வைத்தால் முதல் மழையில் கரைந்து அதே வயலுக்குள் இறங்கும்.

*வரப்பு உடைந்து, நிலம் சரிவாக இருக்கிறதா?* மழை மேட்டை மட்டும் கழுவிப் பள்ளத்தில் உப்பைச் சேர்த்துவிடும். நிலத்தைச் சமப்படுத்தி, சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, வரப்பை ஒன்றரை அடிக்கு உயர்த்துங்கள். முதல் கனமழையில் மடையைத் திறந்துவிட்டு மேலுப்பைக் கரைத்து ஓடவிடுங்கள். அது வடிகாலுக்குப் போக வேண்டும், பக்கத்து வயலுக்குப் போகக் கூடாது. வடிந்ததும் மடையை அடைத்து, அடுத்த மழைகளை ஒரு சொட்டு விடாமல் தேக்குங்கள். அந்தத் தேங்கிய தண்ணீர் கீழே இறங்குவதுதான் உண்மையான சலவை. எரு அதற்கு முன்பே மண்ணுக்குள் இருக்க வேண்டும். ஏக்கருக்கு 5 டன் மட்கிய தொழுவுரம் என்பது பொதுவான அளவு. அவ்வளவு கிடைக்காவிட்டால் வெள்ளை பூத்த திட்டுகளுக்கு மட்டுமாவது அந்தக் கணக்கில் போடுங்கள்.

எருவுக்கு வழியில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆட்டுக்கிடை, அதாவது இரவில் ஆடுகளை வயலிலேயே வலைக்குள் அடைப்பது. கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) மேய்ச்சலுக்கு வரும்போது பேசி வைத்து, கெட்ட திட்டுகளின்மேலேயே வலையை நகர்த்தி நகர்த்தி அடைக்கச் சொல்லுங்கள். புழுக்கையும் மூத்திரமும் காய்ந்து வீணாவதற்குள் உழுதுவிட வேண்டும். ஆடுகள் சீமைக் கருவேலங்காய் தின்றிருந்தால் அந்த விதை புழுக்கையோடு வந்து முளைக்கும். மழைக்குப் பிறகு ஒருமுறை நடந்து, கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். வேர் பிடித்துவிட்டால் அது வேறு ஒரு போராட்டம்.

அறிகுறி 2: விதைத்தது திட்டுத் திட்டாகச் சொட்டை விழுகிறது

*சொட்டையில் உமரி (உப்பு மண்ணில் வளரும் செடி) முளைத்திருக்கிறதா?* உப்பு நிச்சயம். உமரி இல்லாமல் வெறும் சொட்டை என்றால் விதையைத் தோண்டிப் பாருங்கள். விதை ஊறாமல் விதைத்தபடியே கல்லாகக் கிடந்தால் உப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டது. ஊறி அழுகியிருந்தால் தண்ணீர் தேங்கிய கோளாறு. எறும்பு, பறவை தின்றிருந்தால் அதற்கு எருவில் வைத்தியம் இல்லை.

*உப்புதான் என்று உறுதியானால்* அந்த ஆண்டு அந்தத் திட்டில் மிளகாயை வற்புறுத்தாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும், நாற்றுப் பருவத்தில் உப்பைப் பொறுத்துக்கொள்ளாது. நெல் என்றால் குழியடிச்சான் போன்ற நம் பகுதி ரகம் ஓரளவுக்கு நின்று கொடுக்கும். விதையளவைக் கூட்டி, பாரின் உச்சியில் போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். உப்பு எப்போதும் மேட்டின் உச்சிக்குத்தான் ஏறும். பாரின் உச்சியில் நட்ட நாற்று கருகிப் பக்கத்தில் நட்டது பிழைத்த காட்சியை ஒரே வயலில் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 3: மழைத்தண்ணீர் இறங்காமல் நாள்கணக்கில் கலங்கலாக நிற்கிறது, காய்ந்தால் மண் பாறையாகிறது

இது களர். பாட்டிலும் கலங்கியிருக்கும். இங்கே இயற்கை உரத்தை மட்டும் நம்பினால் ஆண்டுகள் போகும், நிலம் திரும்பாது. இயற்கை விவசாயத்தில் ஊறிய நண்பர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் சொல்லியாக வேண்டும்: முற்றிய களருக்கு முதலில் ஜிப்சம் (சோடியத்தை வெளியேற்ற உதவும் கால்சியக் கனிமம்), பிறகு எரு.

ஒரு விதிவிலக்கு உண்டு. மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணின்மேல் நான்கு சொட்டு காடியோ எலுமிச்சைச் சாறோ விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. தக்கைப்பூண்டு மட்கும்போது அந்தச் சுண்ணாம்பு மெல்லக் கரைந்து, ஜிப்சம் செய்யும் வேலையில் ஒரு பங்கை அதுவே செய்யும். களர் லேசாக இருந்தால் இரண்டு மூன்று பருவம் பசுந்தாள் உரத்திலேயே மண் பொலபொலப்பாவதைப் பார்க்கலாம்.

நுரைக்கவில்லையா, களர் கடுமையா, அப்படியானால் இது ஆளை அழைக்க வேண்டிய இடம். எவ்வளவு ஜிப்சம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மண் பரிசோதனையில் 'ஜிப்சம் தேவை' என்று கேட்டு வாங்குங்கள். வழக்கமாக அந்த அளவில் பாதியைப் போடச் சொல்வார்கள். மழைக்குச் சற்று முன்னால் தூவி, மேலாக உழுது, தண்ணீரைத் தேக்கி வடித்த பிறகுதான் தக்கைப்பூண்டு. வரிசையை மாற்றினால் இரண்டும் வீண். வடிகால் இல்லாத நிலத்தில் ஜிப்சம் போடுவதும் வீண். வெளியேற்றிய சோடியம் போக இடமில்லாமல் அங்கேயே நிற்கும்.

அறிகுறி 4: தக்கைப்பூண்டே சரியாக வரவில்லை

நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

*விதை முளைக்கவில்லை.* விதைத்தோல் கெட்டி. ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ போதும், உவர் நிலத்தில் 5 கிலோ கூட்டுங்கள். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பதைவிட, ஒரு நல்ல மழை பெய்து உப்பு சற்றுக் கீழிறங்கிய மறுநாள் விதைப்பது மேல்.

*முளைத்தது, முழங்காலுக்குமேல் எழவில்லை.* இலை வெளுத்திருந்தால் ஒரு செடியை வேரோடு பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது, உப்புதான் குறை. முடிச்சே இல்லாவிட்டாலும், உள்ளே வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தாலும், அடுத்த முறை விதையோடு வேர்முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிரைக் கலந்து விதையுங்கள்.

*நன்றாக வளர்ந்தது, மடக்கி உழுதேன், மட்கவில்லை.* 45-ஆம் நாள், பூ எடுக்கும் முன்னால் மடக்க வேண்டும். டிராக்டர் கிடைக்கவில்லை என்று 70 நாள் விட்டால் தண்டு விறகாகிவிடும். இன்னொன்று ஈரம். காய்ந்த மண்ணில் மடக்கினால் கறையான்தான் தின்னும். ஒருமுறை கார்த்திகைக் கடைசியில் மழை நின்ற பிறகு மடக்கி உழுதேன். சித்திரையில் மண்ணைக் கிளறினால் தண்டு தண்டாக, உழுத அன்று இருந்தபடியே வெளியே வந்தது. ஒரு பருவ உழைப்பு போனது.

*மழைக்காலத்தில் தக்கைப்பூண்டு போட்டால் நெல் எப்போது போடுவது?* நியாயமான கேள்வி. ஆவணியில் மழை கிடைத்தால் அப்போதே விதைத்துப் புரட்டாசிக் கடைசியில் மடக்கிவிடலாம். அது எல்லா ஆண்டும் அமையாது. இரண்டாவது வழி, நெல்லோடு சேர்த்து வரிசையில் விதைத்து, ஐந்து வாரத்தில் சாய்த்து மண்ணோடு மிதித்துவிடுவது. மூன்றாவது வழிதான் என் தேர்வு. மிக மோசமான கால் ஏக்கரை மட்டும் ஒரு முழு மழைக்காலத்துக்கு விட்டுக்கொடுத்துத் தக்கைப்பூண்டுக்கே கொடுப்பது. எப்படியும் அங்கே விளைந்தது ஒன்றுமில்லை.

*தக்கைப்பூண்டே முளைக்காத அளவுக்கு உப்பு.* வளர்க்க முயலாதீர்கள், வெளியில் இருந்து குழை கொண்டு வாருங்கள். வேம்பு, புங்கம், ஆவாரை, எருக்கு எதுவும் ஆகும். கொளுஞ்சி கிடைத்தால் மிகவும் நல்லது. அதை மாடு தீண்டாது, வறட்சியும் தாங்கும் என்பதால் உப்பு குறைந்த பக்கத்து வயலில் நெல் அறுத்த ஈரத்தில் விதைத்து வைத்தால், அடுத்த பருவத்துக்குக் குழையாகும்.

அறிகுறி 5: உரம் போட்ட பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது

உரத்திலேயே உப்பு வந்திருக்கிறது. எந்த உரம் என்று யோசியுங்கள்.

கடற்கரையில் ஒதுங்கும் பாசி நல்ல உரம்தான். கழுவாமல் அள்ளிப் போட்டால் கடலையே வயலுக்குக் கொண்டு வந்ததாகும். ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் குவித்து நனையவிட்டு, பிறகு மட்கவைத்துப் போடுங்கள். தென்னை நார்க் கழிவும் அப்படியே. உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையில் இருந்து வந்ததாக இருக்கலாம். மட்காத நார்க் கழிவு பயிருக்குச் சேர வேண்டிய தழைச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். சிப்பிக் காளான் வித்திட்டு மட்கவைத்து, கழுவிய பிறகே போட வேண்டும். கோழி எரு இயல்பிலேயே உப்பு கூடியது, உவர் நிலத்துக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. அடுப்புச் சாம்பலைக் களர் நிலத்தில் போடவே கூடாது, அது காரத்தை ஏற்றும். கண்மாய் வண்டலை அனுமதி பெற்று அள்ளுவதற்கு முன்னால் அதற்கும் ஒரு பாட்டில் வையுங்கள். பாட்டிலில் தெளிந்தாலும் உப்பு இருக்கலாம் என்பதால், ஒரு சட்டி வண்டலில் பத்து நெல்லை விதைத்தும் பாருங்கள்.

அறிகுறி 6: உயிர் உரம் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை

காலாவதித் தேதியைப் பாருங்கள். கடையில் தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் கிடந்த பொட்டலத்தில் உயிர் இருக்காது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா எதையும் யூரியாவோடு கலக்காதீர்கள், காய்ந்த மண்ணில் உச்சி வெயிலில் தூவாதீர்கள். 25 கிலோ மட்கிய எருவில் கலந்து, ஈரமான மண்ணில், மாலையில் போடுங்கள். எரு போடாத நிலத்தில் நுண்ணுயிர் வாங்கி ஊற்றுவது, சோறு வைக்காமல் விருந்தாளியை அழைப்பது போன்றது. உப்பை நீக்கும் என்று எழுதி அதிக விலைக்கு விற்கும் பாட்டில்களை வாங்கியவர்கள் என்னிடம் வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். உயிர் உரம் பயிருக்கு உப்பைத் தாங்கும் வலுவைக் கொஞ்சம் கூட்டும். மண்ணில் உள்ள உப்பை வெளியேற்றாது.

அறிகுறி 7: மிளகாய் இலை ஓரம் கருகுகிறது, தண்ணீர் பாய்ச்சினால் இன்னும் கருகுகிறது

மண்ணை விட்டுவிட்டுக் கிணற்றைப் பாருங்கள். மோட்டார் போட்டதும் ஒரு பாட்டில், மூன்று மணி நேரம் ஓடிய பிறகு ஒரு பாட்டில் பிடியுங்கள். இரண்டாவது கரித்தால் அதிகம் இறைக்கிறீர்கள், அடியில் இருக்கும் கடல்நீர் மேலேறுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் விட்டு இறைத்துப் பாருங்கள். தண்ணீரின் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன், அலகு dS/m) 2.25-ஐத் தாண்டினால் அதை மட்டும் நம்பி மிளகாய் வைக்க வேண்டாம். பண்ணைக்குட்டையில் சேர்த்த மழைத்தண்ணீரோடு கலந்து பாய்ச்சுங்கள். தெளிப்பான் கூடாது, இலைமேல் படும் உப்பு நேராகக் கருக்கும்.

அறிகுறி 8: ஓராண்டு தெளிந்த நிலம் மறுபடி உவராகிறது

*நிலம் முழுதும் ஒரே சீராக என்றால்* மூடாக்கை (வைக்கோல் போர்த்துவதை) விட்டிருப்பீர்கள், அல்லது மழை பொய்த்திருக்கும். அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

*ஒரு பக்க வரப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு உள்ளே நகர்ந்தால்* வெளியில் இருந்து கசிகிறது. கழிமுகமோ, உப்பளமோ, இறால் குட்டையோ பக்கத்தில் இருக்கும். அந்த வரப்போரம் மூன்றடிக் குழி தோண்டி ஓர் இரவு விட்டு, ஊறும் தண்ணீரைச் சுவைத்தால் தெரிந்துவிடும். இதை எந்த எருவாலும் நிறுத்த முடியாது. கசிவைத் தடுக்கும் வடிகால் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்பதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையை அழையுங்கள். குழித் தண்ணீரைத் தேதி எழுதிய பாட்டிலில் மாதம் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஆய்வுக்கு மண் எடுப்பது

இரண்டு மழைக்காலம் மேலே சொன்னபடி செய்தும் திட்டு சுருங்கவில்லை என்றால், அல்லது பாட்டில் கலங்கியிருந்தால், மண்ணைக் கொடுத்துவிடுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது.

மழைக்கு முன்னால், வெயில் காலத்தில் எடுங்கள். அரையடி, ஓரடி, இரண்டடி ஆழத்து மண்ணைத் தனித்தனிப் பையில் அரை அரைக் கிலோ போடுங்கள். பழைய உரச் சாக்கில் போட்டால் அந்த உரம்தான் முடிவில் தெரியும். துணிப்பை நல்லது.

முடிவு வந்ததும் ஈ.சி. எந்த முறையில் அளந்தது என்று கேளுங்கள். மண்ணைத் தண்ணீரில் கரைத்து அளப்பதில் 1-க்குள் என்றால் கவலையில்லை, 1 முதல் 3 வரை முளைப்பு பாதிக்கும், 3-க்கு மேல் பெரும்பாலான பயிருக்குக் கெடுதல். பசைச் சாற்றில் (மண்ணைப் பசையாகக் குழைத்து எடுத்த சாற்றில்) அளந்திருந்தால் எல்லைக்கோடு 4. பி.எச். (மண்ணின் காரத்தைக் காட்டும் அளவு) 8.5-ஐத் தாண்டியிருந்தால் சோடியத்தின் பங்கையும் கேட்டு வாங்குங்கள். அது 15 விழுக்காட்டைத் தாண்டினால் அறிகுறி 3.

இரண்டடி மண்ணில் உப்பு கூடி, அரையடி மண்ணில் குறைந்திருந்தால் முகம் வாட வேண்டாம். மழை அதைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நிலத்தை வெயிலில் வெறுமையாக விடாமல் வைக்கோலைப் போர்த்துங்கள்.